குருத்தணுச் சிகிச்சை: தராசில் வைத்துப் பார்ப்போம்

'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற சொற்களை இன்று கேள்விப்படாதவர் குறைவு. மூட்டுத் தேய்மானம், நீரிழிவு, பக்கவாதம், ஆட்டிசம், வழுக்கை என எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என விளம்பரங்கள் முழங்குகின்றன. பேறுகாலம் நெருங்கிய தாயிடம், 'குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வையுங்கள், வாழ்நாள் முழுவதும் காப்பு' என்று முகவர்கள் சொல்கிறார்கள். அதே சமயம், இதே பெயருடைய சிகிச்சையால் மறுபிறவி எடுத்த குழந்தைகளும் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

அப்படியானால் இச்சிகிச்சையை நம்பலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஏனெனில் ஒரே பெயருக்குள் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, ஆபத்து உடையது. ஆயினும் அந்த ஆபத்து எவ்வளவு என எண்ணிக் கணக்கிடப்பட்டது. மற்றொன்று, ஆபத்தே இல்லை என்று விற்கப்படுவது; ஆனால் அதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குத் தருமபுரி மாவட்டத்து எடுத்துக்காட்டு ஒன்றைத் துணையாகக் கொள்வோம்.

குருத்தணு என்பது யாது?

நம் உடலில் இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்களே வாழ்கின்றன. மடிபவற்றுக்கு ஈடாக, ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய சிவப்பணுக்கள் உண்டாக வேண்டும். இவ்வளவும் எங்கிருந்து வருகின்றன? எலும்புகளின் உட்பொந்தில் உள்ள மஜ்ஜையிலிருந்து. அங்கே குருத்தணுக்கள் என்னும் சிறப்பு உயிரணுக்கள் இருக்கின்றன. குருத்தணு பிரியும்போது ஒரு பகுதி இரத்த அணுக்களாக முதிர்கிறது. மற்றொரு பகுதி குருத்தணுவாகவே நின்றுவிடுகிறது. விளைச்சலில் ஒரு பங்கை உண்ணவும் ஒரு பங்கை விதைக்கவும் ஒதுக்கும் உழவரைப் போல, மஜ்ஜை தன் விதைநெல்லைத் தானே காத்துக்கொள்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் டில், மெக்கல்லக் என்னும் இரு அறிவியலார் எலிகளில் செய்த சோதனைகளால் 1961இல் இதற்குச் சான்று காட்டினர்.

விதைநெல்லில் குற்றம் இருந்தால் விளைவதெல்லாம் குற்றமாகத்தானே இருக்கும்? தலசீமியா என்னும் பிறவி நோயில் நேர்வது இதுவே. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் ஒரு பகுதியை உண்டாக்கும் மரபணுவில் குறை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்த குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே இரத்தம் வற்றத் தொடங்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் இந்நோயுடன் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறப்பதாக மதிப்பிடுகின்றனர்.

தருமபுரியை ஏன் எடுத்துக்கொண்டோம்? அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகளின் மலைகளில் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர்; சிறு சமுதாயங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றனர். சமவெளியிலும் அக்காள் மகளை, மாமன் மகளை மணப்பது நெடுநாள் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் 100க்குச் சுமார் 28 உறவுக்குள் நடந்தவை; இந்தியாவிலேயே இது மிக உயர்ந்த அளவு. பரம்பரை இரத்தக் கோளாறுகளைக் கண்டறிய அரசு பரிசோதனை நடத்தும் மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இரத்தமே மருந்து, இரத்தமே சுமை

இம்மாவட்டத்தில் இந்நோயுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அதற்கு இரத்தம் ஏற்ற வேண்டும். மலைக் கிராமத்துத் தந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவு வேறு. ஆனால் பெரிய சிக்கல் இதுவன்று.

ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் இரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடலுக்கோ, மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழியே கிடையாது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். 20 யூனிட் ஏற்றினால் அந்த அளவு இரும்பு கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. அது கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்து, அவற்றை மெல்ல அழிக்கிறது. இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகளை நாள் தவறாமல் உட்கொண்டால் இந்த அழிவைத் தடுக்கலாம். நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இவ்வாறு பேணப்பட்டவர்கள் 40, 50 வயதைக் கடந்து வாழ்கின்றனர். மருந்து விட்டுவிட்டுக் கிடைக்கும் இடங்களில் பலருக்கு இளமையிலேயே இதயம் பழுதாகிறது.

மஜ்ஜை மாற்றம்

நோயை வேரோடு நீக்க வழி உண்டா? உண்டு. குற்றமுள்ள விதையை அகற்றிவிட்டு நல்ல விதையை இடுவதுதான் அது. உடன்பிறந்த ஒருவரின் திசு, நோயாளியின் திசுவோடு முழுமையாகப் பொருந்தினால், அவருடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து நோயாளியின் இரத்தக் குழாயில் செலுத்துகின்றனர். குருத்தணுக்கள் தாமாகவே எலும்புப் பொந்துகளைத் தேடிச் சென்று குடியேறுகின்றன. கொடுத்தவருக்குச் சில வாரங்களில் மஜ்ஜை பழையபடி நிறைந்துவிடுகிறது. ஆனால் ஓர் உடன்பிறப்பு பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றே.

'குருத்தணுச் சிகிச்சை' என்ற பெயருக்கு முழு உரிமை உடையது இதுவே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983ஆம் ஆண்டிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டிலும் மஜ்ஜை மாற்றம் தொடங்கியது. தருமபுரியிலிருந்து வேலூர் சில மணி நேரப் பயணந்தான். இந்திய நிலக்கரி நிறுவனம் 2017இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், தகுதியுள்ள தலசீமியாக் குழந்தைக்கு 10 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்றத்துக்கு இடமுண்டு.

இனி, ஆபத்தின் பக்கம் பார்ப்போம். புதிய மஜ்ஜைக்கு இடம் தர வேண்டுமானால் பழையதைக் கடுமையான மருந்துகளால் முற்றிலும் அழித்தாக வேண்டும். அந்த வாரங்களில் குழந்தைக்கு நோயெதிர்ப்பு ஆற்றலே இராது. சாதாரணப் பூஞ்சைகூட உயிரைப் பறிக்கலாம். ஒட்டுச் செடி பிடிக்காமல் போவதுபோல, புதிய மஜ்ஜை நிலைக்காமலும் போகலாம். நிலைத்தாலும், புதிய அணுக்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அயலென்று கருதித் தாக்கலாம். கொடுக்கப்படும் மருந்துகளால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகவும் கூடும்.

ஆபத்து எவ்வளவு? இதற்கு எண்களாலேயே விடை உண்டு. இத்தாலியின் பெசரோ நகரில் லூக்கரெல்லி என்னும் மருத்துவரின் குழு, 16 வயதுக்கு உட்பட்ட நோயாளிகளின் கணக்கை 1990இல் வெளியிட்டது. கல்லீரல் வீங்காமலும் அதில் தழும்பு விழாமலும் இருந்தவர்களில், 3 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர் 100க்கு 94 பேர். இரண்டு குறைகளுள் ஒன்று இருந்தவர்களில் 80 பேர். இரண்டும் இருந்தவர்களில் 61 பேர். அதன் பிறகு மருத்துவம் முன்னேறியுள்ளது. வேலூரில் ட்ரியோசல்ஃபான் என்னும் மருந்தைப் பயன்படுத்தி, ஆபத்து மிகுந்த பிரிவினரிலும் பலரைக் காப்பாற்ற முடிந்தது. ஆயினும் அந்த மூன்று எண்கள் உணர்த்தும் உண்மை மாறவில்லை: கல்லீரல் கெடுவதற்கு முன் செய்தால் ஆபத்து குறைவு, காலம் தாழ்ந்தால் மிகுதி.

பெற்றோரின் இக்கட்டு

இப்போது அந்தப் பெற்றோரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை. ஒழுங்காக இரத்தம் ஏற்றுவதால் ஓடுகிறது, ஆடுகிறது. பார்ப்பவர்கள், 'இதற்கா நோய்?' என்று கேட்கிறார்கள். மருத்துவர் சொல்கிறார்: 'மஜ்ஜை மாற்ற இதுவே தகுந்த காலம். ஆனால் நூற்றில் சில குழந்தைகளை இழக்கிறோம்.'

நன்றாக இருக்கும் குழந்தையை ஆபத்தில் தள்ளுவதா? அல்லது காத்திருந்து, அது நலிந்தபின் இதைவிடப் பெரிய ஆபத்தில் தள்ளுவதா? இங்கு அறிவியல் ஆணையிட முடியாது. ஆனால் எடைபோடப் படிக்கற்களைத் தந்துவிடுகிறது. பொருந்தும் உடன்பிறப்பு உண்டா? கல்லீரல் எந்நிலையில் உள்ளது? மாற்றம் வேண்டாமென்றால், இரும்பு நீக்கும் மருந்து நாற்பது ஆண்டுகளுக்குத் தவறாமல் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கு நகரத்துச் செல்வர் சொல்லும் விடை வேறு. சித்தேரி மலையின் கூலித் தொழிலாளி சொல்லும் விடை வேறு. நோய் ஒன்றே ஆனாலும் தராசின் முள் இருவருக்கும் ஒரே பக்கம் சாய்வதில்லை. பெற்றோர் எந்த முடிவை எடுத்தாலும் அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

எடைக்கல் இல்லாத தராசு

இனி விளம்பரச் சிகிச்சைகளுக்கு வருவோம். இடுப்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த அணுக்களை முழங்காலிலும் முதுகுத்தண்டிலும் கண்ணிலும் செலுத்துகிறார்கள். 'உங்கள் சொந்த அணுக்களே, ஆகவே தீங்கு வராது' என்கிறார்கள். இந்த வாதம் சரிதானா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015இல், மூப்பினால் விழித்திரை தேய்ந்த மூன்று பெண்கள் இத்தகைய சிகிச்சைக்குச் சென்றனர். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களையே ஒரே நாளில் இரு கண்களிலும் செலுத்தினர். ஒவ்வொருவரிடமும் 5,000 டாலர் பெறப்பட்டது. சில நாட்களிலேயே மூவரின் பார்வையும் கடுமையாகப் பாழாயிற்று. இச்செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. அதை எழுதியவர்கள், பாதிக்கப்பட்டோர் பின்னர் நாடிச் சென்ற கண் மருத்துவர்கள். சிகிச்சையளித்த இடத்திலிருந்து ஒரு கணக்கும் வரவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. இஸ்ரேலைச் சேர்ந்த சிறுவன் ஒருவனுக்கு, நரம்பு நோய்க்காக மாஸ்கோவில் கருவின் நரம்புக் குருத்தணுக்களை மூளையிலும் தண்டுவடத்திலும் செலுத்தினர். சில ஆண்டுகளில் அங்கே கட்டிகள் வளர்ந்தன. சோதித்தபோது அக்கட்டியின் அணுக்கள் சிறுவனுடையவை அல்ல, செலுத்தப்பட்டவை எனத் தெரிந்தது. 2009இல் இது வெளியிடப்பட்டது. இதில் வியப்பில்லை. பெருகும் ஆற்றல்தான் குருத்தணுவின் பலன். கட்டுப்பாடில்லாப் பெருக்கம்தான் கட்டி. பலனும் ஆபத்தும் ஒரே பண்பிலிருந்து பிறக்கின்றன.

'எனக்கு வலி குறைந்ததே' என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டு வலி தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் இயல்புடையது. மிக வலிக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம், ஆகவே அடுத்து அது இறங்கவே வாய்ப்பு மிகுதி. ஆட்டிசம் உள்ள குழந்தையும் வயதேற ஏறச் சிலவற்றைக் கற்கிறது. ஊசியோடு பேச்சுப் பயிற்சியும் தருகிறார்கள். எதனால் பலன் வந்தது? ஊசி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு எண்ணினாலன்றிக் கூற இயலாது.

தருமபுரி மக்களுக்கு இப்பாடம் புதியதன்று. பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளின் ஆழ்குழாய் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது, சுவையிலும் குறையில்லை. பல்லில் கறையும் எலும்பில் வளைவும் கண்டபின்னரே அதில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது தெரியவந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை அது மீறியதை ஆய்வுக்கூடமே காட்டிற்று, நாக்கு காட்டவில்லை. அதன் பின்னரே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் கொண்டுவரப்பட்டது. அளந்த நீரைத்தான் நம்பலாம் என்று கற்றுக்கொண்டோம். ஊசி மருந்துக்கு மட்டும் வேறு நீதியா?

புதியதை முயலவே கூடாதா?

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். 'மஜ்ஜை மாற்றமும் ஒரு காலத்தில் நிறுவப்படாத சிகிச்சைதானே?' உண்மை. அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957இல் 6 நோயாளிகளுக்குச் செய்த முயற்சியை வெளியிட்டார். ஒருவரும் பிழைக்கவில்லை. அவர் அத்தோல்வியை மறைக்காமல் எழுதினார். திசுப் பொருத்தத்தின் இன்றியமையாமை பிறகு விளங்கியது. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆறு பேரின் கணக்கும் இன்று பிழைக்கும் குழந்தைகளின் கடனில் சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சுண்ணாம்போ அமிலமோ தெறித்து விழிவெண்படலம் கெட்டவர்களுக்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து குருத்தணுக்களை எடுத்துப் பொருத்தும் முறையை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் வளர்த்தது. 2012இல் அங்கிருந்து அதன் எளிய வடிவம் ஒன்றும் வெளியாயிற்று. எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேருக்குப் பார்வை மீண்டது, எத்தனை பேருக்கு மீளவில்லை என்று எழுதி வைத்தார்கள்.

அடுத்த படி மரபணுச் சிகிச்சை. நோயாளியின் குருத்தணுவையே வெளியில் எடுத்து, திருத்தி, திருப்பிச் செலுத்துவது அது. பிறர் மஜ்ஜை தேவையில்லை. ஆனால் பழைய மஜ்ஜையை அழிக்கும் கடுமருந்து இதிலும் உண்டு. தலசீமியாவுக்கு இத்தகைய சிகிச்சைகள் மேல்நாடுகளில் ஒப்புதல் பெற்றுவிட்டன. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒன்றின் விலை 22 இலட்சம் டாலர். வேலூரில் ஹீமோஃபிலியா நோயாளிகள் 5 பேருக்கு இவ்வகைச் சிகிச்சை அளித்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. இதிலும் ஆபத்து உண்டு. சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் பாரிசில் வேறொரு பிறவி நோய்க்கு இப்படிச் சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்குப் பின்னர் இரத்தப் புற்று வந்தது. ஒவ்வொரு குழந்தையையும் தொடர்ந்து கவனித்து வந்ததால் அது தெரிந்தது, முறையும் மாற்றப்பட்டது.

தொப்புள்கொடி வாக்குறுதி

'குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் பிற்காலத்தில் அதற்கே பயன்படும்' என்பதை நம் தலசீமியாக் குழந்தையைக் கொண்டே சோதிப்போம். அதன் தொப்புள்கொடி இரத்தத்தில் உள்ள குருத்தணுக்களிலும் அதே மரபணுக் குறை இருக்கும். குற்றமுள்ள விதையைப் பத்திரப்படுத்தி மீண்டும் விதைத்தால் என்ன விளையும்? தன் பயனுக்காகத் தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. ஒரு விலக்கு உண்டு. வீட்டில் ஏற்கெனவே இந்நோயுள்ள குழந்தை இருந்து, அடுத்த குழந்தை நோயின்றிப் பிறந்து, திசுவும் பொருந்தினால், அந்தத் தொப்புள்கொடி இரத்தம் மூத்த பிள்ளைக்கு மருந்தாகலாம்.

கேட்க வேண்டியவை

அதே நெறிமுறைகளின்படி, பட்டியலிட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான குருத்தணு மாற்றம் தவிர்த்த பிற முயற்சிகள் ஆய்வு நிலையில் உள்ளவை. ஆகவே உங்கள் வீட்டில் எவருக்காவது இச்சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்நோய்க்கு இது ஒப்புதல் பெற்ற சிகிச்சையா, ஆய்வா? இதற்கு முன் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது, அது எங்கே வெளியாகியுள்ளது? ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணும் உண்டா? ஆய்வென்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியே கூர்மையானது. பதிவெண் மட்டும் போதாது. ஃபுளோரிடாச் சிகிச்சையும் ஒரு பதிவேட்டில் இடம்பெற்றிருந்தது, அது முறையான ஆய்வு என்று நம்பியே நோயாளிகள் சென்றனர். ஆய்வுக்கு உடலைத் தருபவரிடம் கட்டணமும் பெறுவது நெறியன்று.

தராசே வேண்டாத வழி

அந்தப் பெற்றோரின் இக்கட்டு இனிப் பிறருக்கு நேராமல் தடுக்க இயலுமா? குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் நோயாளி அல்லர், நலமாகவே வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தால்தான் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஆண் இம்மரபணுவைச் சுமப்பவரானால், அக்காள் மகளிடமும் அது இருக்கும் வாய்ப்பு 4இல் 1. மாமன் மகளிடம் 8இல் 1. உறவல்லாத பெண்ணிடம் அது நூற்றில் சில மட்டுமே. சைப்ரஸ் தீவு 1970களில் தொடங்கிய பரிசோதனை இயக்கத்தால், அங்கு இந்நோயுடன் குழந்தை பிறப்பதே அரிதாகிவிட்டது.

சுமப்பவரைக் கண்டறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். மஜ்ஜை மாற்றத்துக்கு ஆகும் பல இலட்ச ரூபாயோடு ஒப்பிட்டால் அதன் செலவு மிகச் சிறியது. உங்கள் ஊரில் அடுத்த முறை உறவுக்குள் சம்பந்தம் பேசும்போது, மணமக்கள் இருவரின் சாதகத்தோடு அப்பரிசோதனைத் தாளையும் கேட்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு மாணவரும் பெரியவர்களிடம் துணிந்து சொல்லக்கூடியது இது.